ஏரியைக் காத்தவர் யார்?

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வல்லக்கோட்டை. கிருத்திகை வந்துவிட்டால் ஊர் கொள்ளாத கூட்டம். முருகன் கோயிலைக் காணவும், அதன் திருக்குளத்தில் கால் நனைக்கவும் வருகிறவர்கள் அவர்கள். குளத்துக்கு வச்சிர தீர்த்தம் என்று பெயர். இந்திரன் தன் வச்சிராயுதத்தால் நிலத்தைப் பிளந்தானாம், குளம் பிறந்ததாம். தலபுராணம் அப்படித்தான் கூறுகிறது.

அதே நெடுஞ்சாலையில், விடியற்காலை தொட்டு நள்ளிரவு வரை வேறோர் ஊர்வலம் நடக்கிறது. அதற்குத் தேரும் இல்லை, திருநாளும் இல்லை. தண்ணீர் லாரிகளின் ஊர்வலம் அது. எவர் நிலத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றினர்? எவரிடம் ஒப்புதல் பெற்று ஏற்றினர்? எவ்வளவு ஏற்றினர்? என்ன விலைக்கு இறக்கினர்? கேட்பார் இல்லை, கேட்டாலும் சொல்வார் இல்லை.

"குளத்தை வெட்டியது இந்திரன் என்றால், ஐயா, ஏரியை வெட்டியது யார்?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால், நம் பகுதியின் ஆயிரமாண்டு வரலாறு அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஏரியை வெட்டியவர் யார்? காத்தவர் யார்? அதன் நீரைக் குடித்தவர் யார்? அதன் பெயரால் கொழுத்தவர் யார்? நான்கு கேள்விக்கும் ஒரே விடை இருந்திருந்தால் நாடு என்றோ நலம் பெற்றிருக்கும். வெட்டியவர் ஒருவர், குடித்தவர் வேறொருவர், கொழுத்தவர் மூன்றாமவர், புகழ் பெற்றதோ கடவுள் என்று ஆனதே நம் நீரின் கதை.

ஏரி நாடு

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், அதாவது இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில், காவிரியைப் போல் ஓர் ஆறு இல்லை. பாலாறு பெயரளவில்தான் பால் பெருக்குகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையே இங்குள்ள உழவனின் முதல். அந்த மழையைப் பிடித்து வைக்க, நிலச்சரிவின் குறுக்கே கரை எழுப்பினர் நம் முன்னோர். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏரிகளைச் சங்கிலியாய்க் கோத்தனர். மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும். வரத்துக்கால் ஒன்றை அடைத்தால் ஓர் ஏரி மட்டும் சாவதில்லை. அதன் கீழுள்ள ஏரிகள் எல்லாம் வாய் பிளந்து கிடக்கும்.

ஆகவே, ஏரி வெறும் பள்ளம் அன்று. ஊருக்குள் மனிதரும் மனிதரும், ஊரோடு ஊரும் செய்துகொண்ட உடன்பாடு அது. வண்டலை அள்ள வேண்டும். கரையில் விழுந்த எலிவளையை அடைக்க வேண்டும். மதகைக் காக்க வேண்டும். முறை வைத்து நீர் பாய்ச்ச வேண்டும். இவற்றுக்கெல்லாம் நெல் வேண்டும், காசு வேண்டும், உழைப்பு வேண்டும். எங்கே பொதுப்பணம் சேர்கிறதோ அங்கே கை நீளும். நீளும் கையை எப்படி மடக்குவது என்பதே ஏரியின் உண்மையான வரலாறு. அதில் தேவர்களுக்கு வேலை இல்லை, கணக்கனுக்குத்தான் வேலை.

உத்தரமேரூர்க் கல் சொல்வது

வல்லக்கோட்டைக்குத் தென்மேற்கே உத்தரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், கி.பி. 919இலும் 921இலும், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகள் அவை. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி இது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த கதையைச் சொல்லி, "பார், பழந்தமிழர் மக்களாட்சி!" என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். மார்தட்டுமுன் கல்லை முழுவதும் படிக்க வேண்டும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரியைக் கவனிக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. அவர்கள் பதவிக்காலம் 360 நாள். 35 வயதுக்குக் குறைந்தவருக்கும் 70 வயதைக் கடந்தவருக்கும் இடமில்லை. முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. குற்றம் செய்தது தெரிந்தால் உறுப்பினரை அப்போதே நீக்கிவிடுவர். கணக்கெழுதுபவன் தன் காலத்துக் கணக்கை ஒப்புவித்துத் தூயவன் எனப்பட்டாலன்றி மீண்டும் கணக்கெழுத முடியாது.

இவை எல்லாவற்றிலும் கூர்மையான விதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் வர முடியாது. அவன் மட்டுமா? அவன் தந்தை வர முடியாது. மகன் வர முடியாது. உடன்பிறந்தான் வர முடியாது. மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை மகன், பேரன்னை மகன் எவரும் வர முடியாது! உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஏன்? கொள்ளையடித்தவன் விலகிக்கொண்டு மைத்துனனை உட்கார வைப்பான் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. இன்று ஒப்பந்தக்காரர் பட்டியலை எடுத்து உறவுமுறை பார்ப்போருக்கு இந்த விதியின் அருமை விளங்கும்.

இங்கே பகுத்தறிவாளன் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது: பூட்டு பெரிதாக இருந்தால் திருடனும் இருந்திருக்கிறான் என்பது பொருள். 919இல் செய்த ஏற்பாட்டை 921இலேயே திருத்த வேண்டி வந்தது. அறமே உருவாக மக்கள் வாழ்ந்த பொற்காலமாயின் இத்தனை பூட்டுகள் எதற்கு? பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை, தோழர்களே! ஒவ்வொரு காலத்திலும் திருட்டு இருந்தது. சில காலங்களில் பூட்டும் இருந்தது, அவ்வளவே.

இரண்டாவது: சாவி யார் கையில் இருந்தது? உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். வேதியர்க்கு வழங்கப்பட்ட ஊர். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதத்தில் மிகத் தேர்ந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் இருந்தது. ஏரிக்குள் இறங்கி வண்டல் சுமந்தவனின் பெயர் ஓலையில் ஏறவில்லை. வயலில் நாற்று நட்ட பெண்ணின் பெயரும் ஏறவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது; அது ஒரு சிலரின் உரிமையாக இருந்தது. உத்தரமேரூரிடம் விதியைக் கற்போம், வேலியைத் தகர்ப்போம்.

கும்பினியும் கோதண்டராமனும்

காலம் உருண்டது. சோழர் போயினர், விசயநகரத்தார் போயினர், ஆர்க்காட்டு நவாப்பு வந்தார். 1763இல் நவாப்பு முகமது அலி இந்தச் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சாகிராகக் கொடுத்தார். கொடுத்தவரே அதைத் திரும்பக் குத்தகைக்கும் எடுத்துக்கொண்டார். குத்தகைதாரனுக்கு வேண்டியது இவ்வாண்டின் வசூல். அடுத்த தலைமுறையின் ஏரி அன்று. ஊரைக் கறந்தனர்; கரையைக் கவனித்தாரில்லை. 1780இல் ஐதர் அலியின் படை புகுந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடினர், ஏரிகள் உடைந்து கிடந்தன.

அதற்குச் சற்று முன்னர், 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற பொறியாளர் இச்சீமையை ஊர் ஊராக அளந்தார். சுமார் 2,000 ஊர்களின் கணக்கு அதில் அடங்கும். விளைச்சலை அரசும் உழவரும் பங்கிடுமுன், ஏரிக்கென்றும், நீர் பாய்ச்சுவோனுக்கென்றும், கணக்கனுக்கென்றும், காவல்காரனுக்கென்றும் நெல் எடுத்து வைக்கும் வழக்கம் ஊர்க்கணக்குகளில் காணப்படுகிறது. ஏரிக்குரிய பங்கு களத்திலேயே, எல்லார் கண்ணெதிரிலும் அளக்கப்பட்டது. யார் வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ந்தது, யார் எவ்வளவு நெல் தந்தார் என்பது களத்தில் நின்றவனுக்கெல்லாம் தெரியும். பின்னர் வந்த கும்பினி ஆட்சியில் வருவாயெல்லாம் கலெக்டர் கச்சேரிக்குப் போயிற்று. ஏரி உடைந்தால் ஊரார் மனுப் போட வேண்டும்; மேலிடம் பார்த்துக் காசு அனுப்ப வேண்டும். களத்துக் கணக்கு காகிதக் கணக்காயிற்று. நம் நீரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய உடைப்பு எந்த மழையிலும் நேரவில்லை.

இந்தக் காலத்தில்தான் மதுராந்தகத்துக் கதை பிறக்கிறது. 1794 முதல் 1798 வரை சாகிரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேசு. மதுராந்தகம் ஏரி மழைதோறும் உடைந்துகொண்டிருந்ததாம். செப்பனிட வந்த துரையிடம், கோதண்டராமர் கோயிலார் தாயாருக்குச் சன்னிதி கட்டித்தர வேண்டினராம். "இவ்வாண்டு ஏரி உடையாமலிருந்தால் கட்டித்தருகிறேன்" என்றாராம் துரை. அன்றிரவு பேய்மழை. குடைபிடித்துக் கரைக்குப் போன துரையின் கண்ணுக்கு, வில்லேந்திய இளைஞர் இருவர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாம். துரை மண்டியிட்டாராம். ஏரி பிழைத்ததாம். அன்றுமுதல் அங்குள்ள இறைவனுக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். தாயார் சன்னிதியில் துரையின் பெயரைப் பொறித்த கல்லெழுத்தும் இருக்கிறது.

கல்லெழுத்து இருப்பது உண்மை. துரை பணம் கொடுத்ததும் உண்மையாக இருக்கலாம். கோயில்களுக்கு அணிகலன் அளித்து ஊராரைத் தன்வயப்படுத்துவது அவருக்குப் பழக்கமே. காஞ்சி வரதராசருக்கு அவர் தந்த நகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால், நாம் கேட்க வேண்டிய கேள்வி எளியது. அந்த ஓராண்டு கரையைக் காத்த கடவுள், அதற்கு முந்திய ஆண்டுகளில் எங்கே போயிருந்தார்? முந்திய ஆண்டுகளில் கரை செப்பனிடப்படவில்லை. அந்த ஆண்டு செப்பனிடப்பட்டது. வேற்றுமை அதில் இருந்தது, வில்லில் இல்லை. சாகிரின் ஏரிகளைப் பழுதுபார்க்கக் கலெக்டர் செலவிட்டது அருளினால் அன்று; ஏரி நிறைந்தால் நிலவரி நிறையும். கூடை சுமந்தவர் ஆயிரவர் இருந்திருப்பர். மண் வெட்டியவரும், மிதித்துக் கெட்டியாக்கியவரும், மழையில் நனைந்தபடி இரவெல்லாம் கரையில் விழித்திருந்தவரும் இருந்திருப்பர். வில்லேந்திய இருவரின் பெயர் நிலைத்தது. கூடையேந்தியவரில் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை.

இது வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. ஏரியைக் கடவுள் காப்பார் என்று நம்பும் ஊர், ஏரிப்பணம் என்னவாயிற்று என்று கேட்காது. கரை உடைந்தால் ஊர் செய்த பாவம். உடையாவிட்டால் இறைவன் கருணை. இடையில் மண்ணுக்கென்று வாங்கிய பணத்தை மடியில் கட்டியவன் இரண்டு கணக்கிலும் வருவதில்லை! ஊழலுக்கு இதைவிட நல்ல காவல் தெய்வம் ஏது?

1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. வெள்ளத்தால் கரை உடையும் நிலை வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கவும், வழக்கமான மராமத்து உழைப்பைத் தரமறுத்தவரிடம் பணம் வசூலிக்கவும் அது வழி செய்தது. குடிமராமத்து என்று நாம் பெருமையுடன் சொல்லும் சொல்லின் மறுபக்கம் இது. நெற்பங்கும் கணக்கும் சர்க்காரிடம் போய்விட்டன. உழைப்பு மட்டும் குடிகளின் கடமையாக நின்றது. உரிமையைப் பறித்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுச் சென்றால் அதற்கு மராமத்து என்று பெயரில்லை. வெட்டிவேலை என்று பெயர்.

கரை கட்டியவருக்குக் கிணறு இல்லை

அந்த வெட்டிவேலை யார் தலையில் விழுந்தது? 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பண்ணையில் உழைத்த அம்மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அவ்வறிக்கை அம்பலப்படுத்தியது. 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணைக்கு அதுவே வித்திட்டது. நிலமில்லை, மனையில்லை என்றால் நீரும் இல்லை. ஏரியைத் தோண்டியவர் ஊர்க்கிணற்றில் வாளி விட முடியாது. நீர் வழங்கலில் நடக்கும் ஊழல் என்றால் பணத்தைத் திருடுவது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பொதுநீரை ஒரு சாதியின் சொத்தாக்குவது எல்லா ஊழலுக்கும் மூத்த ஊழல்.

ராமன் காத்தான் என்று சொல்லப்படும் அதே மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். வில்லெடுக்கவில்லை அவர், 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுக்கட்டடம் எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்றது அது. நீதிக்கட்சி ஆட்சியில் அது அரசாணையும் ஆயிற்று. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச் 20இல், மராட்டியத்து மகாடு நகரில் சவுதார் குளத்தில் இறங்கி அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். சட்டப்படி முன்பே திறந்துவிடப்பட்ட குளம் அது! காகிதத்தில் திறந்த குளத்தைக் கையால் திறக்க வேண்டியிருந்தது. குடித்தவர் திரும்பும் வழியில் அடிபட்டனர்.

நூறாண்டு கடந்துவிட்டது என்று நிம்மதி கொள்ள முடியுமா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு நீர் தரும் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. நாட்டையே நாணச் செய்த செய்தி அது.

வீராணத்தின் பாடம்

பிறர் குற்றத்தை அடுக்குவது எளிது. நம் முகத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

பெரியார், காங்கிரசில் சேருமுன் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தபோது, அந்நகருக்குக் குழாய்வழிக் குடிநீர் கொண்டுவந்தார். குழாய்க்குச் சாதி தெரியாது. தண்ணீருக்குத் தீட்டுத் தெரியாது. நம் இயக்கம் நீரைப் பற்றி எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதற்கு அதுவே முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. சென்னையின் தாகம் தீர்க்க, தென்னார்க்காட்டு வீராணம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தை 1960களின் பிற்பகுதியில் தி.மு.க. ஆட்சி மேற்கொண்டது. எந்த வீராணம்? உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதவனை விரட்டிய அதே பராந்தகனின் 'வீரநாராயணன்' என்ற பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி! நோக்கம் நல்ல நோக்கம். ஆனால், பெரும் பெரும் சிமெண்டுக் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அவற்றுள் தண்ணீர் ஓடவில்லை. வீடற்ற ஏழைகள் குடியிருந்தனர். 1976 சனவரி 31இல் ஆட்சி கலைக்கப்பட்டது. பிப்ரவரியில் நீதிபதி சர்க்காரியா ஆணையம் அமைக்கப்பட்டது. வீராணம் ஒப்பந்தம் வழங்கப்பட்ட முறையில் முறைகேடு நடந்தது என்றது ஆணையம். அவசரநிலையின் இருட்டில் அரசியல் பழிதீர்க்க அமைக்கப்பட்ட ஆணையம் என்றது கழகம். நீதிமன்றத்தில் எவர்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. இவை மூன்றும் வரலாறு. மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆணையத்தை அமைத்தவரின் உள்நோக்கத்தை நாம் அறிவோம். அவசரநிலையில் நம் தோழர்கள் சிறையில் பட்ட பாட்டையும் அறிவோம். ஆயினும் சாலையோரத்துக் குழாய் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. வீராணத்து நீர் புதிய திட்டத்தின் வழியே சென்னைக்கு வந்து சேர்ந்தது 2004இல். அதுவும் வேறொரு கட்சியின் ஆட்சியில். நாள்தோறும் 18 கோடி லிட்டர் என்பது திட்டம். முப்பதாண்டுக்கு மேல் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குடத்தோடு நின்றார்கள். ஒப்பந்தக் கணக்கு தொடக்கத்திலேயே மக்கள்முன் விரிக்கப்பட்டிருந்தால், பகைவனுக்கு வாயும் இருந்திராது. நமக்குப் பழியும் இருந்திராது. திறந்த கணக்கு எதிரிக்கு அஞ்சாது. மூடிய கணக்கு நண்பனையும் நம்பவைக்காது.

வேள்வித் தீயும் தண்ணீர் ரயிலும்

இனி நம் காலம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்தது. பின்னர் திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட்டுப் பேட்டைகள் விரிந்தன. வேலை வந்தது, வரவேற்கிறோம். ஆலையை எதிர்ப்பது பகுத்தறிவு ஆகாது. ஆனால், நிலம் காரை பூசிக்கொண்டபோது வரத்துக்கால்கள் என்னவாயின, நிலத்தடி நீர் யாருக்குப் போயிற்று என்று கேட்பதும் பகுத்தறிவே.

நிலத்தடி நீரைக் காக்கத் தமிழ்நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. பத்தாண்டு அது நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் அதை நீக்கிவிட்டனர். பிறக்காமலே இறந்த சட்டம்! பிறகு 2014இல் அரசாணை ஒன்றால் கட்டுப்பாடுகள் விதித்தனர். அதை எதிர்த்துத் தண்ணீர் வணிகர்கள் வழக்காடினர். 2018 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அரசாணையை ஏற்றது. ஒப்புதலின்றி நீர் எடுத்து விற்பதைத் திருட்டுக் குற்றமாகக் கொண்டு வழக்குத் தொடரலாம் என்றது. லாரிகள் வேலைநிறுத்தம் செய்தன. திருட்டைத் திருட்டு என்று சொன்னதற்கு வேலைநிறுத்தம்!

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அப்போது அறநிலையத்துறை என்ன செய்தது? மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தச் சுற்றறிக்கை விட்டது. அண்டாவில் நீர் நிரப்பி அர்ச்சகர் அமர்ந்து செபித்தனர். அமைச்சர்களும் யாகத்தில் நின்றனர். வந்தது என்ன? சூலை 12இல் சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரோடு ரயில் வந்தது. வருணன் அனுப்பவில்லை, தொழிலாளர் நிரப்பி அனுப்பினர்.

அதே 2019இல் நடந்த இன்னொன்றைப் பலர் அறியார். சென்னைக் கோயம்பேட்டில், நகரத்துக் கழிவுநீரை நுண்வடிகட்டித் தூய்மையாக்கி நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தரக்கூடிய நிலையம் தொடங்கியது. அந்த நீர் குழாய்வழியே வருவது எங்கே? இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் பேட்டைகளின் ஆலைகளுக்கு. நம் ஏரியைத் தொடாமலே ஆலை ஓட முடியும் என்பதை அறிவியல் காட்டிவிட்டது. வழி இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. வழி இருந்தும் லாரி ஓடுகிறது என்றால், ஓடுவதால் யாருக்கோ வருவாய் இருக்கிறது என்பதுதான் பொருள்.

ஏரிப்பணிக்கும் இதே கதி. 2017 மார்ச்சில், நமக்கு அருகிலுள்ள மணிமங்கலம் ஏரிக்கரையில்தான் புதிய குடிமராமத்துத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. முதற்கட்டமாக 1,519 பணிகள். 100 கோடி ரூபாய். ஆயக்கட்டு உழவர் சங்கங்களே பணி செய்யும் என்றனர். சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர் வேலை செய்கிறார் என்ற முறையீடுகளும் பல மாவட்டங்களில் எழுந்தன. இதில் ஒரு நுட்பத்தை இளைஞர்கள் அறிய வேண்டும். கட்டடத்தில் செங்கல் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். தூர்வாரியதில் ஆழம் குறைந்தால்? மழை வந்து ஏரி நிறைந்தால் பள்ளமும் மறையும், கணக்கும் மறையும். அதனால்தான் தோண்டிய இடத்தில் ஆங்காங்கே மண்திட்டு விட்டுவைத்து, அதன் உயரத்தால் ஆழத்தை அளக்கும் வழக்கம் உண்டு. திட்டு இருக்கும்போதே ஊரார் போய் அளக்க வேண்டும். மழை வந்தபின் இறைவனைத்தான் கேட்க வேண்டும். அவர் எந்நாளும் கணக்குச் சொன்னதில்லை.

கணக்கு எங்கே?

ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கிறோம். உத்தரமேரூரில் கணக்குக் கேட்டனர். எல்லாரும் கேட்க முடியவில்லை. கும்பினியின் நாளில் கணக்கே ஊரைவிட்டுப் போயிற்று. சாதியின் ஊரில் கணக்குக் கேட்கக் கிணற்றை நெருங்கவே முடியவில்லை. இன்றோ, வரலாற்றில் முதன்முறையாக, ஒவ்வொருவருக்கும் வாக்குண்டு. வேலி நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆண் என்ற அடையாளம் வேண்டாம். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி கிராம சபை உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயில் ஏட்டைக் கேட்கும் உரிமையுண்டு. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இலும் கிராம சபை கூட்ட வேண்டும் என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது.

உத்தரமேரூர் உழைப்பாளிக்குக் கிடைக்காத குடவோலை நம் கையில் இருக்கிறது. அதை என்ன செய்கிறோம்? கிராம சபை நாளில் கையெழுத்து ஏடு வீட்டுக்கே வருகிறது. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டுக் கிருத்திகைக் கூட்டத்தில் வரிசையில் நிற்கிறோம்!

தோழர்களே, வரும் மார்ச் 22இல் உங்கள் ஊர்ச் சபையில் நான்கே கேள்வி கேளுங்கள். நம் ஏரியின் பரப்பு பழைய பதிவேட்டில் எவ்வளவு, இன்று எவ்வளவு? கடைசியாகத் தூர்வாரியபோது எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக எழுதியிருக்கிறது, அந்த மண் எங்கே? ஊர் எல்லைக்குள் விற்பனைக்கு நீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, எவற்றுக்கு ஒப்புதல் உண்டு? சேரிக்கும் ஊருக்கும் நாள்தோறும் வரும் குடிநீர் ஒரே அளவா? விடை வாயால் வேண்டாம். ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவன் எவனோ அவனை அடுத்த முறை குடத்தருகே விடாதீர்கள்; அவன் மைத்துனனையும் விடாதீர்கள்.

ஏரியை வெட்டியது யார் என்று கேட்ட மாணவனுக்கு அன்று வகுப்பில் சொன்ன விடையே இதற்கும் விடை. ஏரியை வெட்டியது மண்வெட்டி. ஏரியைக் காத்தது, காத்த காலத்திலெல்லாம், கணக்கு. இந்திரனும் ராமனும் கதையில் இருக்கட்டும். கணக்கேடு நம் கையில் இருக்கட்டும்.